நோட்டீசில் கியூஆர் கோடு: மராமத்து வேலை எடுப்போர் கவனத்திற்கு

பெயின்ட், டைல்ஸ், பைப் வியாபாரத்தோடு வீட்டு மராமத்தையும் கான்ட்ராக்ட் எடுக்கும் நம் உறுப்பினர்கள், ஐப்பசி மழைக்கு முன்பும் பொங்கலுக்கு முன்பும் தபாலில் நோட்டீஸ் அனுப்புவதுண்டு. அதன் மூலையில் இப்போது கியூஆர் கோடும் இடம்பெறுகிறது. வரவேற்கிறோம். ஆனால் கோடு இருந்தும் விசாரணை வராவிட்டால், நம் கருத்தில் முதல் காரணம் பயமே.

1994-ல் ஜப்பானில் டென்சோ நிறுவனம் மோட்டார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கிய இக்கோட்டை, 2016-ல் யுபிஐ வந்தபின் நம் மக்கள் பணம் கட்டும் கோடாகவே அறிவார்கள். டீக்கடை முதல் பூக்கடை வரை அதுதானே ஒட்டியிருக்கிறது! தபாலில் வந்த கோட்டை ஸ்கேன் செய்தால் பணம் போய்விடுமோ என்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து வன்னியம்பட்டியில் ஒரு வீட்டம்மா தயங்கினால் அதில் தவறில்லை. ஆகவே கோட்டின் மேலேயே, "இது பணம் செலுத்தும் கோடு அல்ல, ஸ்கேன் செய்தால் எங்கள் கடை போன் எண் வரும்" என்று தமிழில் பெரிதாக அச்சிட வேண்டும். முன்பணம் வாங்கும் கோட்டை நோட்டீசில் போடவே கூடாது.

அடுத்து, கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சில கம்பெனிகள் தரும் "டைனமிக்" கோடு, அவர்கள் தளத்தின் வழியாகத்தான் திறக்கும். சந்தா கட்டத் தவறினால் கோடு செத்துவிடக்கூடும். சிவகாசியில் அச்சிட்டு ஆண்டு முழுவதும் சுவரில் தொங்கும் காலண்டருக்கு இது ஆகாது. போன் எண்ணையே கோடாக்கினால் சந்தாவும் இல்லை, ஸ்கேன் செய்ய இன்டர்நெட்டும் வேண்டாம். வாட்ஸ்அப் கோடு என்றால் இன்னொரு வசதி: "வன்னியம்பட்டியிலிருந்து, மாடி ஒழுகல்" என்று செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஊருக்கு ஒரு கோடு போட்டால், எந்த ஊர் நோட்டீஸ் வேலை கொண்டுவந்தது என்பது தானே தெரியும்.

கோடு 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விட்டு, கறுப்பில் இருக்கட்டும். உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அமைத்தால் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படிக்கும். அதற்காக மடிப்பில் கொண்டுபோய் வைக்க வேண்டாம். அச்சுக்கு முன் புரூஃப் தாளைப் பழைய போன் ஒன்றில் ஸ்கேன் செய்து பாருங்கள். பக்கத்தில் போன் எண்ணை எண்ணாகவும் போடுங்கள். பெரியவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

முகவரிப் பட்டியல் இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. முகவரி எழுதாத விளம்பரத் தாள்களை வீடு வீடாகச் சேர்க்கும் "டைரக்ட் போஸ்ட்" சேவையைத் தபால் துறை நடத்துகிறது. கட்டணம், எடை விவரங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே தபால் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளவும்.