நுழைவு இலவசம், பிறகு எதற்கு உறுப்பினர் கட்டணம்?

லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் 1881ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இன்று அதனுள் நுழைய யாரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனாலும், பலர் ஆண்டுதோறும் பணம் செலுத்தி அதன் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். இலவசமாகப் பார்க்கக்கூடிய இடத்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

உறுப்பினர்களுக்குச் சில சலுகைகள் கிடைப்பது உண்மைதான். தனிக் கட்டணம் வசூலிக்கப்படும் சிறப்புக் கண்காட்சிகளை அவர்கள் கட்டணமின்றிப் பார்க்கலாம். அவர்களுக்கென்று தனி ஓய்வறையும் உண்டு. இவற்றுக்காகவே சேர்பவர்களும் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால், சலுகைகளை மட்டும் கணக்குப் பார்ப்பவருக்குக் கட்டணம் எங்கே போகிறது என்பது தெரியாமல் போய்விடும். பணத்தின் தேவை, பார்வையாளர்கள் காணாத அறைகளில்தான் அதிகம்.

லண்டன் அரும்பொருளகத்தில் ஏறத்தாழ 80 மில்லியன் மாதிரிகள் உள்ளன. அவற்றுள் மிகச் சிறு பகுதியே காட்சிக்கூடங்களில் இருக்கிறது. மற்றவை அலமாரிகளிலும் இழுப்பறைகளிலும் கண்ணாடிச் சாடிகளிலும் இருக்கின்றன. மீன், தவளை, நண்டு போன்றவற்றைச் சாராயக் கரைசலில் ஊறவைத்துப் பாதுகாக்கிறார்கள். அந்தக் கரைசல் மெல்ல மெல்ல ஆவியாகும். யாராவது சாடிகளைச் சோதித்துப் பார்த்து மீண்டும் நிரப்ப வேண்டும். உலர்த்தி வைத்த பூச்சிகளையும் பறவைத் தோல்களையும் தின்பதற்கென்றே சில வண்டினங்கள் உண்டு. ஈரப்பதம் மிகுந்த நம் வட்டாரத்தில் பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும். டைனோசரைப் பார்க்கக் கூட்டம் திரளும். சாடிக்குள் கிடக்கும் விரலளவு நண்டைப் பார்க்க யார் வரிசையில் நிற்பார்? ஆனால், அந்த நண்டையும் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யாரும் பார்க்காத பொருளை ஏன் காக்க வேண்டும் என்று கேட்கலாம். இதற்குப் பறவை முட்டைகள் நல்ல விடை தருகின்றன. பிரிட்டனில் ஒரு காலத்தில் பறவை முட்டைகளைச் சேகரிப்பது பலருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. அவர்கள் முட்டை ஓடுகளில் நாளையும் இடத்தையும் குறித்து வைத்தனர். 1950களின் பிற்பகுதியில் அந்நாட்டில் பெரிக்ரின் வல்லூறுகள் வேகமாகக் குறையத் தொடங்கின. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன. டெரிக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளை எடுத்து அளந்து, எடைபோட்டுப் பார்த்தார். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடுகள் திடீரென்று மெலிந்துபோனதை அவர் கண்டறிந்தார். டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த காலமும் அதுவே. 1967இல் அவருடைய ஆய்வு வெளிவந்தது. பின்னர் பல நாடுகள் டிடிடிக்குத் தடை விதித்தன. முட்டைகளைச் சேகரித்தவர்களுள் பலர் அந்த மருந்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இத்தகைய சேகரிப்பு ஒன்று சிங்கப்பூரிலும் கைநழுவிப் போகவிருந்தது. 1874இல் தொடங்கிய ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும் தென்கிழக்காசிய விலங்குகளைப் பல்லாண்டுகளாகச் சேகரித்து வந்தன. பின்னர் அது தேசிய அரும்பொருளகமாகி, வரலாற்றிலும் கலையிலும் கவனம் செலுத்தியது. விலங்கு மாதிரிகளுக்கு அங்கு இடமில்லை. 1972இல் அவை சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அரும்பொருளகத்தில் நெடுங்காலம் தொங்கிக்கொண்டிருந்த திமிங்கல எலும்புக்கூடு 1974இல் மலேசியாவுக்குப் போனது. மற்ற மாதிரிகள் நிலையான இடமின்றி இங்குமங்கும் மாற்றப்பட்டன. 1987இல்தான் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் அவற்றுக்கு ஒழுங்கான இடம் கிடைத்தது. அத்தனை ஆண்டுகளும் அவை சிதறிப்போகாமல் காத்தவர்களுள் யாங் சாங் மான் என்ற பெண்மணி முக்கியமானவர். ஊரில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு சேகரிப்பு இருப்பதே தெரியாது. தெரியாத ஒன்றுக்காக யார் குரல் கொடுப்பார்கள்?

நிலைமை 2009இல் மாறியது. அனைத்துலக அரும்பொருளக நாளை முன்னிட்டு, பல்கலைக்கழகத்தில் இருந்த சிறிய காட்சிக்கூடத்தைப் பார்க்க ஒரே நாளில் 3,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். அதன்பின், தம் பெயரை வெளியிட விரும்பாத ஒருவர் 10 மில்லியன் வெள்ளி கொடுக்க முன்வந்தார். லீ அறநிறுவனம் 25 மில்லியன் வெள்ளி கொடுத்தது. மொத்தம் 46 மில்லியன் வெள்ளி திரண்டது. அதில் பொதுமக்கள் தந்த சிறு தொகைகளும் அடங்கும். 2015 ஏப்ரலில் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் திறக்கப்பட்டது. இன்று அங்கு ஒரு மில்லியனுக்கும் அதிகமான மாதிரிகள் இருக்கின்றன. காட்சியில் இருப்பவை ஏறத்தாழ 2,000 மட்டுமே.

அதே ஆண்டு ஜூலை மாதம், ஜூரோங் தீவுக்கு அருகே 10.6 மீட்டர் நீளமுள்ள எண்ணெய்த் திமிங்கலம் ஒன்று இறந்து மிதந்தது. சிங்கப்பூர்க் கடற்பகுதியில் அந்த வகைத் திமிங்கலம் காணப்பட்டது அதுவே முதல் முறை. அரும்பொருளக ஊழியர்கள் கடும் துர்நாற்றத்துக்கு நடுவே சதையை வெட்டி அகற்றி, எலும்புகளைச் சுத்தம் செய்தனர். அதன் வயிற்றில் கணவாய் அலகுகளோடு பிளாஸ்டிக் பொருள்களும் இருந்தன. அதைப் பாதுகாக்கப் பொதுமக்களும் நன்கொடை கொடுத்தனர். மறு ஆண்டே எலும்புக்கூடு காட்சிக்கு வந்தது. 1974இல் ஒரு திமிங்கலத்தை அனுப்பிவிட்ட ஊர், இந்த முறை தன் திமிங்கலத்தை வைத்துக்கொண்டது.

பணம் கொடுக்க இயலாதவர்கள் நேரத்தைக் கொடுக்கலாம். சிங்கப்பூர் அரும்பொருளகத்துக்கு 'டாடிகேட்ஸ்' என்ற தொண்டூழியர் குழு இருக்கிறது. டாடிகேட் என்பது மரநாயின் இன்னொரு பெயர். நம் குடியிருப்புக் கூரைகளில்கூட இரவில் ஓடித் திரியும் விலங்கு அது. குழுவினர் பார்வையாளர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். இயற்கை நடைகளை நடத்துகிறார்கள். பொது நிகழ்ச்சிகளில் பதப்படுத்திய மாதிரிகளை மேசைமேல் வைத்து, வருவோர் போவோருக்கு விளக்கம் சொல்கிறார்கள். பாம்பின் சாடியைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கும் சிறுவனை மெல்ல அருகில் அழைத்து, அது நஞ்சுள்ளதா இல்லையா என்று அடையாளம் காணச் சொல்லித் தருவதும் அந்த வேலையில் அடக்கம்.