தாளில் சிவப்பாகவே நிற்கும் எண்

வீல் அலைன்மென்ட் முடிந்ததும் பட்டறையில் ஒரு தாளை அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். கார் உள்ளே வந்தபோது சக்கரங்கள் நின்ற கோணமும் வேலை முடிந்தபின் நிற்கும் கோணமும் அதில் இருக்கும். அளவுக்குள் வந்தவை பச்சை, வராதவை சிவப்பு. பணத்தைக் கட்டிவிட்டு அந்தத் தாளை மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிடுவதுதான் நம்மில் பலரின் வழக்கம். பழைய காராக இருந்தால் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது. பின்சக்கரத்துக்குரிய ஏதோ ஓர் எண் வேலைக்கு முன்பும் சிவப்பு, பின்பும் சிவப்பு, ஒரு புள்ளிகூட மாறாமல் இருக்கலாம். பெரும்பாலும் காருக்கு அடியில் ஒரு போல்ட் துருவேறி இறுகிக் கிடக்கும். திருப்பிப் பார்த்திருப்பார்கள், அசையவில்லை, அப்படியே விட்டிருப்பார்கள்.

ஜூரோங் வட்டாரத்துப் பட்டறைகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி தலைகாட்டுவதற்குக் காரின் வயதே முதல் காரணம். சிங்கப்பூரில் 1990 மே மாதம் அறிமுகமான வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 150,001 வெள்ளிக்குப் போனது. சிறிய கார்களுக்கு 106,000 வெள்ளி. இந்த விலையைப் பார்த்து மலைக்கிற குடும்பங்கள், ஓடிக்கொண்டிருக்கும் காருக்கே இன்னும் ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்குச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்கின்றன. பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் ஆய்வுக்குப் போக வேண்டும். என்ஜினையும் ஏர்கானையும் அக்கறையாகப் பார்த்துக்கொள்பவர்கள்கூட அடியில் இருக்கும் அந்தச் சில போல்ட்டுகளை நினைப்பதில்லை.

அந்தப் போல்ட்டுகள் என்ன செய்கின்றன? சக்கரத்தைக் காரின் உடலோடு இணைப்பவை இரும்பு அல்லது அலுமினியத்தாலான கைகள். ஒவ்வொரு கையின் முனையிலும் ரப்பர் புஷ் ஒன்று உண்டு. அந்த ரப்பருக்கு நடுவே ஓர் இரும்புக் குழல், குழலுக்குள் போல்ட். அளவு மாற்றுவதற்கென்று உள்ள போல்ட்டில் மையம் விலகிய ஒரு வட்டத் தகடு சேர்ந்திருக்கும். கேம் போல்ட் என்பார்கள். அதைத் திருப்பினால் கை சில மில்லிமீட்டர் உள்ளே போகும், அல்லது வெளியே வரும். அவ்வளவுதான், சக்கரத்தின் கோணம் மாறிவிடும். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போன்ற கார்களின் பின்பக்கம் இந்த அமைப்பு உண்டு. டொயோட்டா வியோஸ், ஹோண்டா ஜாஸ் போன்றவற்றில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புச் சட்டத்தில் அமைந்திருப்பதால் அங்கே திருப்ப எதுவும் இல்லை. முன்சக்கரங்களில் டை ராடின் மரையும் பூட்டு நட்டும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவையும் இறுகும், ஆனால் எட்டுகிற இடத்தில் இருப்பதால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

பின்பக்கப் போல்ட் அப்படியில்லை. போல்ட்டுக்கும் குழலுக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளிதான். மழைநீர் அதற்குள் புகுந்தால் வெளியேற வழியில்லை. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். இடைவெளியை அடைத்த துரு, போல்ட்டையும் குழலையும் ஒரே துண்டாக இறுக்கிவிடுகிறது. கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுவதால் சில ஆண்டுகளிலேயே இப்படி ஆகிவிடும். சிங்கப்பூர்ச் சாலையில் உப்பு இல்லை. ஆனால் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை உண்டு, எந்நேரமும் ஈரக்காற்று உண்டு. தொழிற்சாலையில் முடுக்கிய நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் யாரும் அந்தப் போல்ட்டைத் தொடாமல் விட்டிருந்தால் இதுவே போதும். அலுமினியக் கையில் இரும்புப் போல்ட் இருந்தால் இரண்டு உலோகங்களும் சேர்ந்து அரிப்பை இன்னும் விரைவாக்கும்.

இறுகிய போல்ட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. நட்டு கழன்று வந்துவிடும், போல்ட்டின் தலையும் ஸ்பேனருக்கு அசையும். அனுபவமில்லாதவர் வெற்றி என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் போல்ட்டும் குழலும் ஒன்றாகத் திரும்ப, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டிருக்கும். ஸ்பேனரை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பலமாகத் திருப்பினால் ரப்பர் கிழியும், இல்லையென்றால் போல்ட் முறியும். காற்று கன்னால் அடித்தாலும் அந்த அடியை ரப்பர் வாங்கிக்கொள்கிறது.

முதலில் எண்ணெய். டபிள்யூடி-40 இல்லாத பட்டறை இல்லை. ஆனால் 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் அது உருவாக்கப்பட்டது உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக. அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பைத் துருவிலிருந்து காக்கப் பயன்பட்டது. இறுகிய மரைக்குள் ஊடுருவவென்றே தனி எண்ணெய்கள் விற்கின்றன. எதை அடித்தாலும் அடித்த ஐந்தாம் நிமிடம் ஸ்பேனரை எடுப்பதில் பலனில்லை. முந்தைய நாளே காரை வரவழைத்து, எண்ணெய் அடித்து இரவு முழுதும் ஊறவிடும் மெக்கானிக் தம் தொழிலை அறிந்தவர்.

அடுத்தது சூடு. 14 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் விரியும். கேட்க அற்பமாக இருக்கலாம், துருவின் பிடியை உடைக்க அதுவே போதும். ஆனால் தீச்சுடர் ரப்பரைப் புகைய வைக்கும், அலுமினியக் கையின் வலுவைக் குறைக்கும். போதாததற்குப் பின்பக்கத்தில் பெட்ரோல் தொட்டியும் பிரேக் குழாய்களும் அருகிலேயே இருக்கின்றன. சுடரே இல்லாமல், மின்சுருளை மாட்டி இரும்பை மட்டும் சூடாக்கும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. அப்படியொரு கருவி உள்ள பட்டறையைத் தேடிப் போவது வீண் அலைச்சலாகாது.

இரண்டுக்கும் மசியாவிட்டால் அறுப்பதுதான் வழி. புஷ்ஷுக்கும் அது உட்கார்ந்திருக்கும் தாங்கிக்கும் நடுவே ரம்பத்தைச் செலுத்தி, போல்ட்டை இரு பக்கமும் வெட்டி எடுக்க வேண்டும். இந்தப் போல்ட்டுகள் உயர்தர எஃகு என்பதால் பிளேடுகள் வரிசையாகத் தேயும். தாங்கியில் ரம்பம் பட்டுவிட்டால் அது காரின் சட்டத்துக்கே சேதம். அறுத்த பிறகு புதுப் போல்ட், கேம் தகடு, நட்டு, புஷ், பல நேரம் கையே புதிதாகப் போட வேண்டும். இங்கேதான் கட்டணம் ஏறும். உரிமையாளர் முகம் சுளிப்பது இயல்பு என்றாலும் அந்தப் பணம் வீணல்ல. கோணல் தீராத சக்கரம் டயரை ஒரு பக்கமாகத் தின்றுகொண்டே இருக்கும், ஸ்டீயரிங்கும் நேராக நிற்காது.

மாட்டும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. காரை லிஃப்டில் தூக்கியபடி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை முடுக்கக்கூடாது. இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே தங்கி, விரைவில் கிழிந்துவிடும். காரின் எடை சக்கரத்தில் இறங்கியிருக்கும்போதுதான், தயாரிப்பாளர் சொன்ன விசையளவுக்குக் கடைசி முடுக்கலைச் செய்ய வேண்டும்.

இது நடைமுறையில் எவ்வளவு முக்கியம் என்பதை டொயோட்டாவின் அனுபவம் காட்டியது. 2012 ஆகஸ்ட்டில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் 2006 முதல் 2011 வரையிலான ரேவ்4 கார்களையும் லெக்சஸ் எச்எஸ் 250எச் கார்களையும் திரும்ப அழைத்தது. மொத்தம் சுமார் 778,000 கார்கள். அலைன்மென்ட் செய்தபின் பின்பக்கக் கையின் பூட்டு நட்டைச் சரியாக முடுக்காவிட்டால் மரையில் ஆட்டம் ஏற்பட்டு, துருப்பிடித்து, கை பிரிந்துவிடக்கூடும் என்பதே காரணம். பழுது சரியாகச் செய்யப்படாத கார்கள் இருக்கலாம் என்று 2013இல் மறுபடியும் அழைக்க வேண்டியிருந்தது. ஃபோர்டு 2021இல் உலகளவில் சுமார் 775,000 எக்ஸ்ப்ளோரர் கார்களை அழைத்ததற்குக் காரணம் இறுகிப்போன ஓர் இணைப்பு. அது அசையாததால் பின்சக்கரத்தின் கோணத்தைப் பிடித்திருக்கும் கம்பி முறியக்கூடும் என்றது நிறுவனம். பயணத்தின் நடுவே பின்சக்கரம் தன் போக்கில் திரும்பினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

துவாஸ் இரண்டாவது பாலம் வழியாக மலேசியாவுக்குக் குடும்பத்தோடு போய்வரும் கார்கள் ஜூரோங்கில் ஏராளம். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காருக்குப் பின்சக்கரக் கோணம் சின்ன விஷயமல்ல.

தடுப்பது எளிது. கார் புதிதாக இருக்கும்போதே, மூன்றாம் நான்காம் ஆண்டில், அலைன்மென்ட்டுக்குப் போகும் நாளில் கேம் போல்ட்டுகளைக் கழற்றித் துடைத்து, துரு பிடிக்காமல் காக்கும் கிரீஸைத் தண்டில் தடவி மாட்டச் சொல்லலாம். மரையில் கிரீஸ் பட்டால் முடுக்கும் விசை மாறிவிடும் என்பதால் மரையைத் தவிர்த்துத் தண்டில் மட்டும் தடவினால் போதும். கூடுதல் கூலி கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

கார் ஏற்கெனவே பழையது என்றால், பட்டறைக்குள் விடும்போதே “அண்ணே, பின்னாடி போல்ட்டெல்லாம் அசையுதான்னு முதல்ல பார்த்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். இறுகியிருந்தால் முன்சக்கரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு நான்கு சக்கரத்துக்கும் கட்டணம் வாங்குவது முறையல்ல. இறுகியிருப்பதை முன்கூட்டியே சொல்லி, எண்ணெய்க்கு எவ்வளவு நேரம், அறுத்தால் எவ்வளவு செலவு என்று கணக்குக் காட்டுபவரிடமே காரை விடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் தாளை வாங்கி, இரண்டு பக்க எண்களையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.