விண்ணின் தூசியும் மலையின் இருளும்

நிலவில்லாத இரவொன்றில், ஊர் விளக்குகளின் ஒளி எட்டாத இடத்தில் நின்று பால்வீதியை நோக்குவோமாயின், அது ஒரே சீரான வெண்பட்டை அன்று என்பது நமக்குப் புலனாகும். தனு இராசியிலிருந்து வடக்கே அன்னத்தின் உருவிலமைந்த உடுத்தொகுதிவரை அப்பட்டையை நெடுகப் பிளந்துகொண்டு ஒரு கரும்பாதை செல்கின்றது. அக்கரும்பாதை யாது? விண்மீன்களே இல்லாத வெற்றிடமா? அன்றி, அப்பாலுள்ள விண்மீன்களை மறைத்து நிற்கும் ஏதோவொரு பொருளா? இவ்வினாவுக்குத் தெளிவான விடை காண மானிடர்க்கு நூறாண்டுக்கு மேற் சென்றது. அவ்விடையைத் தேடித் தந்தவற்றுள் முதலிடம் பெறுவது நிழற்படத் தட்டு. அத்தட்டுக்கு உற்ற துணையாய் நின்றது நல்லிருள். இவ்விரண்டின் உறவையும், அவ்வுறவு இன்று எய்தியுள்ள இடரையும் இக்கட்டுரையில் நோக்குவாம்.

1785ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர் விருச்சிகத்தின் உடற்பகுதியில் விண்மீன்களற்ற ஓரிடத்தைக் கண்டு, அதனை வானத்தில் உள்ள ஒரு துளையென்றே குறித்தார். கண்ணால் மட்டும் காண்பவர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. கண் ஒளியைச் சேர்த்து வைக்கும் ஆற்றலற்றது. ஒரு கணத்தில் வந்த ஒளியை மறுகணத்தில் இழந்துவிடும். நிழற்படத் தட்டோ மணிக்கணக்காக வந்து விழும் ஒளியைத் துளித்துளியாய்ச் சேமித்து வைக்கும். எனவே, கண்ணுக்குப் புலப்படாதன தட்டிற் புலப்படும்.

இவ்வுண்மையைப் பயன்படுத்தி வானத்தின் கரும்பகுதிகளை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் எட்வேட் எமேர்சன் பார்னாட் என்னும் அமெரிக்கர். அவர் 1857இல் நாஷ்வில் நகரில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். ஒன்பதாம் வயதிலேயே நிழற்பட நிலையமொன்றில் வேலைக்கு அமர்ந்தார். படங்களைப் பெருப்பிப்பதற்குச் சூரிய ஒளியையே பயன்படுத்திய காலம் அது. கூரைமேல் இருந்த கருவியைச் சூரியனின் போக்குக்கேற்ப இடைவிடாது திருப்பிக்கொண்டிருத்தலே சிறுவனுக்கு இடப்பட்ட பணி. முறையான கல்வி மிகச் சிறிதே பெற்ற அவர், தம் முயற்சியால் வால்வெள்ளிகள் பலவற்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்று, 1888இல் கலிபோர்னியாவிலுள்ள லிக் வானாய்வகத்திற் சேர்ந்தார். அங்கே பெருந்தொலைகாட்டி இருப்பவும், 1889இல் பால்வீதியைப் படம்பிடிக்க அவர் கையாண்டது முகப்படம் பிடிப்பதற்கென ஆக்கப்பட்ட 6 அங்குலப் பழைய வில்லையொன்றையே.

இது வியப்பாகத் தோன்றலாம். ஆயின் இதன் காரணம் பௌதிகம் பயிலும் மாணவர்க்கு எளிதில் விளங்கும். புள்ளியாய்த் தோன்றும் விண்மீனின் ஒளியைத் திரட்டுதற்குப் பெரிய விட்டமுடைய வில்லை வேண்டும். பரந்து கிடக்கும் முகிலின் ஒளியோ படம் முழுவதும் பரவி விழுவது. அவ்விம்பத்தின் துலக்கம் வில்லையின் விட்டத்தை மட்டும் பொறுத்ததன்று. விட்டத்துக்கும் குவியத்தூரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. குவியத்தூரம் விட்டத்தின் ஆறு மடங்காயுள்ள வில்லையிலும் மூன்று மடங்காயுள்ள வில்லையில் இம்பம் நான்கு மடங்கு துலக்கமாக அமையும். ஆகவே மங்கலான முகில்களைப் பொறுத்தவரை, குறுகிய குவியத்தூரமும் அகன்ற பார்வைப்பரப்பும் உடைய சிறு கருவி, நீண்ட குவியத்தூரமுடைய பெருங்கருவியை வென்றுவிடும்.

பின்னர் பார்னாட் சிக்காகோவுக்கு வடக்கேயுள்ள யேர்க்ஸ் வானாய்வகத்திற் பணிபுரிந்தார். அங்கு கதரின் வூல்ப் புரூஸ் அம்மையாரின் நன்கொடையால் 10 அங்குல நிழற்படத் தொலைகாட்டியொன்று அவருக்குக் கிடைத்தது. ஆயின் யேர்க்ஸ் அமைந்திருப்பது வட அகலக்கோடு 42 பாகைக்கு அப்பால். அங்கிருந்து நோக்குங்கால் கேட்டை என நாம் வழங்கும் செந்நிற விண்மீன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 21 பாகை உயரமே எழும். தாழ்ந்து செல்லும் ஒளி தடித்த வளிமண்டலத்தைக் கடந்து நலிவுறும். ஆதலின் 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் அத்தொலைகாட்டியைக் கழற்றி, லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அண்மையிலுள்ள வில்சன் மலைக்குக் கொண்டுசென்றார். ஏறத்தாழ 5,700 அடி உயரமான அம்மலையில் அக்காலத்தில் இருளும் தெளிவும் ஒருங்கே வாய்த்திருந்தன. அவ்வாண்டு செப்டெம்பர்வரை அங்கே தங்கிப் பால்வீதியைப் படம்பிடித்தார். ஒரு தட்டுக்கு நான்கைந்து மணி நேரம் ஒளி காட்டுதல் வழக்கம். அந்நேரமெல்லாம் துணைத் தொலைகாட்டியிற் கண்ணைப் பதித்து, வழிகாட்டும் விண்மீன் குறுக்குக் கம்பியை விட்டு விலகாதவாறு கையாற் கருவியைச் செலுத்தினார். சூரியனைத் தொடர்ந்த சிறுவனின் கை, இப்போது விண்மீனைத் தொடர்ந்தது.

தட்டுகளில் தோன்றிய கரும்பகுதிகளைத் துளைகளென்றே பார்னாட் முதலில் எண்ணியிருந்தார். எண்ணத்தை மாற்ற அவருக்குப் பல்லாண்டு சென்றது. அவர் எழுதி வைத்துள்ள ஒரு செய்தி இங்கு நோக்கற்பாலது. நிலவற்ற தெளிந்த கோடை இரவொன்றில் அவர் தென்திசைப் பால்வீதியைப் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது, நம் வளிமண்டலத்துச் சிறு முகில்கள் சில தனு இராசியின் ஒளிமிகு பகுதிக்கு முன்னே மிதந்து சென்றன. அவை மைத்துளிகள்போலக் கருமையாய்த் தோன்றின. தம் தட்டுகளிற் கண்ட கரும்புள்ளிகளும் இவையும் தோற்றத்தில் ஒத்திருத்தலைக் கண்டு அவர் வியந்தார். முன்னே நிற்கும் முகிலே பின்னுள்ள ஒளியை மறைக்கின்றது என்னும் கருத்து அவர் உள்ளத்தில் வலுப்பெற்றது. 1919இல் 182 கரும்பொருள்களின் பட்டியலை அவர் வெளியிட்டார். எனினும் அவையனைத்தும் முகில்களே என்று அப்போதும் முடிவாகக் கூறினாரல்லர். அவர் 1923இல் மறைந்தபின், 1927இல் பால்வீதிப் படத்தொகுதி வெளிவந்தது. அதன் 50 தட்டுகளுட் பெரும்பாலானவை வில்சன் மலையில் எடுக்கப்பட்டனவே.

வேறு சான்றுகளும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்ந்தன. கார்த்திகை விண்மீன்களைச் சூழ்ந்துள்ள மங்கிய ஒளியை 1912இல் வெஸ்ரோ ஸ்லைபர் நிறமாலைகாட்டியால் ஆராய்ந்தார். அவ்வொளியின் நிறமாலை அருகிலுள்ள விண்மீன்களின் நிறமாலையையே ஒத்திருந்தது. எனவே அம்முகில் தானே ஒளிர்வதன்று; விண்மீனொளியைத் தெறிக்கச் செய்யும் தூசிப்படலம் என்பது பெறப்பட்டது. 1930இல் றொபேட் ட்ரம்ப்ளர் விண்மீன் கூட்டங்களின் தூரங்களை ஆராய்ந்து, பால்வீதித் தளத்திற் செல்லும் ஒளி ஒவ்வொரு 3,000 ஒளியாண்டுத் தூரத்துக்கும் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைகின்றதெனக் காட்டினார். தூசியைக் கணக்கிற் கொள்ளாதவர் மங்கலானவற்றையெல்லாம் தொலைவிலுள்ளன என்று மயங்குவர். 1918இல் ஹாலோ ஷாப்லி பால்வீதியின் விட்டத்தை 3 இலட்சம் ஒளியாண்டு என மிகைப்படக் கணித்தமைக்கு இத்தூசி ஒரு காரணமாகும்.

இத்தூசித் துகள்கள் ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவின. கரியும் மணலினத்துக் கனிப்பொருள்களும் அவற்றின் கூறுகள். விண்மீன்களிடையே உள்ள பொருளின் எடையில் நூற்றில் ஒரு பங்கே தூசி, எஞ்சியது வாயு. ஆயினும் அச்சிறு பங்கின் காவலில்லாமல் முகிலின் உட்பகுதி குளிர்ந்து சுருங்குதல் அரிது. சுருங்காவிடின் புதிய விண்மீன் பிறத்தல் இல்லை. பார்னாட்டின் பட்டியலில் 68ஆம் எண் பெற்ற சிறு கருமுகிலைச் செந்நிறக்கீழ்க் கதிர்களால் நோக்கிய ஆய்வொன்று 2001இல் வெளியாயிற்று. கண்ணுக்குத் துளைபோலத் தெரிந்த அவ்விடத்தினூடே, பின்னுள்ள விண்மீன்கள் அக்கதிர்களில் வரிசையாய்த் தோன்றின. ஹேர்ஷல் காலத்து ஐயத்துக்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுவதில்லை. நாம் மிதிக்கும் மண்ணும் நம் உடலின் சுண்ணமும் இரும்பும் ஒருகால் இத்தகைய முகிலொன்றில் கிடந்தனவே.

இனி, இம்முகில்களைப் படம்பிடித்தற்கு இருள் எத்துணை இன்றியமையாதது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குவாம். மிக நல்ல இருளிடத்திலும் வானம் முற்றும் கரியதன்று. மேல்வளிமண்டலம் தானே சிறிது ஒளிரும். அவ்வானத்தின் துலக்கத்தை 40 பங்கு எனக் கொண்டால், மிக மங்கலான தூசிமுகிலின் ஒளி ஒரு பங்களவே இருக்கும். பெருநகரின் வானமோ இருளிடத்து வானத்திலும் ஏறக்குறைய 40 மடங்கு துலக்கமானது. அங்கே அதே முகிலின் ஒளி 1,600இல் ஒரு பங்காகிவிடும். நகரொளி முகிலை அழிப்பதில்லை. ஆனால் வானொளி கூடக்கூட, அவ்வொளியின் ஏற்றத்தாழ்வும் கூடி முகிலை அமிழ்த்துகின்றது. இருளிடத்தில் 5 மணி நேரத்திற் பெறும் தெளிவை நகரிற் பெற 200 மணி நேரம் வேண்டும்.

வடிகட்டி இட்டால் நகரொளியை விலக்கலாமே எனச் சிலர் வினவலாம். ஐதரசன் வாயு ஒளிரும் முகில்களுக்கு அது பொருந்தும். அவை குறித்த சில அலைநீளங்களிலேயே ஒளிர்வன. அவ்வலைநீளத்தை மட்டும் விட்டு ஏனையவற்றைத் தடுக்கலாம். தூசிமுகிலோ விண்மீனொளியைத் தெறிக்கச் செய்வதாதலின், எல்லா நிறங்களிலும் ஒளிர்வது. நகரொளியைத் தடுத்தால் அதன் ஒளியும் தடைப்படும். ஆதலின் தூசியைப் படம்பிடிப்போர்க்கு இருளைத் தேடிச் செல்லுதலன்றி வேறு வழியில்லை. இடம் நன்று எனத் தெரிதற்கு எளிய குறியொன்றுண்டு. நகரில் இரவு முகில்கள் கீழிருந்து வரும் ஒளியால் வெளுத்துத் தோன்றும். நல்லிருளிடத்தில் பார்னாட் கண்டதுபோலக் கறுத்துத் தோன்றும்.

இக்காலத்தில் தட்டின் இடத்தை இலத்திரன் உணரி பெற்றுள்ளது. ஒரே தொடர்ச்சியாக ஒளி காட்டாது, சில நிமிடப் படங்கள் நூற்றுக்கணக்கில் எடுத்து அவற்றைக் கணிப்பொறியில் ஒன்றன்மேலொன்றாய் அடுக்குவர். அடுக்குந்தோறும் முகில் நிலைத்து நிற்க, தற்செயலான இரைச்சல் அடங்கும். ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். முகிலின் பங்கு வானொளியில் நாற்பதிலொன்று. வில்லையின் விளிம்பில் ஏற்படும் ஒளிக்குறைவோ ஐந்திலொன்றாகவும் இருக்கலாம். உணரியின்மேற் படிந்த நம் வீட்டுத் தூசியின் நிழலும் விண்தூசிபோலவே தோன்றும். எனவே ஒரே சீராய் ஒளியூட்டிய வெண்பரப்பொன்றைத் தனியே படம்பிடித்து, அதனால் விண்படத்தை வகுத்துத் திருத்துதல் இன்றியமையாதது. மாறுபாட்டை மிகுதியாக நீட்டினால் இல்லாத முகிலும் தோன்றும். 1983இல் ஏவப்பட்ட செந்நிறக்கீழ்க் கதிர்ச் செய்மதி வான் முழுவதிலும் தூசியின் வெப்பக் கதிர்களைப் பதிவுசெய்தது. நம் படத்தில் தோன்றும் இழை அப்பதிவிலும் அதேயிடத்தில் இருப்பின் அது விண்ணிற்குரியது. இன்றேல் நம் கருவிக்குரியது. அழகிய படத்தினும் மெய்யான படமே அறிவியலுக்குகந்தது.

பார்னாட்டுக்கு வாய்த்த இருள் வில்சன் மலையில் நிலைக்கவில்லை. 1900இல் ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் வாழ்ந்த லொஸ் ஏஞ்சலிஸ், உலகின் பெருநகர்களுள் ஒன்றாக வளர்ந்தது; மலையடிவாரமெங்கும் விளக்குகள் நிறைந்தன. 1985இல் அம்மலையின் புகழ்மிக்க 100 அங்குலத் தொலைகாட்டியின் பணியைக் காணேகி நிறுவனம் நிறுத்திற்று. நிறுவனத்தின் முயற்சி தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்கு மாறியிருந்தது. தொலைகாட்டி பின்னர் வேறு நிருவாகத்தின்கீழ் மீளத் திறக்கப்பட்டதாயினும், பழைய இருள் மீளவில்லை. இதற்கு மாறாக, ஸ்லைபர் பணியாற்றிய பிளாக்ஸ்டாவ் நகரம் 1958இலேயே விளம்பரத் தேடொளி விளக்குகளைத் தடைசெய்து சட்டமியற்றிற்று. 2001இல் உலகின் முதலாவது இருள்வான் நகரமென அறிவிக்கப்பட்டது. நகரம் வளர்ந்தது, இருளும் பெருமளவு காக்கப்பட்டது. விளக்குக்கு மேன்மூடி இடுதலும், வேண்டாத வேளையில் அணைத்தலும், நீலம் குறைந்த ஒளியைத் தெரிதலுமே அதற்கு வேண்டியன. 2016இல் வெளியான உலக ஆய்வொன்று, மக்களுள் மூன்றிலொரு பங்கினர் பால்வீதியைத் தம் இருப்பிடத்திலிருந்து காணவியலாதவராயினர் எனக் கூறுகின்றது.

இவ்வகையில் நம் நாடு பேறுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து நோக்குங்கால் கேட்டை 54 பாகை உயரத்துக்கு எழும். அதனைச் சூழ்ந்து மஞ்சளும் நீலமுமாய் விளங்கும் தூசிமுகில்களைக் காணப் பார்னாட் தொலைகாட்டியைச் சுமந்து மலையேறினார். நமக்கோ அவை மே, யூன் மாத நள்ளிரவுகளில் நம் முற்றத்துக்கு மேலேயே வருகின்றன. வில்சன் மலைக்கு என்றுமே உதியாத தென்சிலுவையருகுக் கருமுகிலும் நமது தெற்கு அடிவானுக்கு மேல் 17 பாகைவரை எழும். கடலோரத்தின் ஒதுக்கிடங்களிலும் தீவுகளிலும் இருள் இன்னும் முற்றாய் நீங்கவில்லை. மாணவர்கள் நிலவற்ற இரவொன்றில் அத்தகைய இடத்துக்குச் சென்று, அரைமணி நேரம் கண்ணை இருளுக்குப் பழக்கி, பால்வீதியின் கரும்பாதையைத் தாமே நோக்குவாராக. கருவி பின்னர் வரலாம், விலைகொடுத்தும் வாங்கிக்கொள்ளலாம். இருளோ ஒருமுறை இழந்தால் எளிதில் மீளாது. தெருவிளக்கு அமைப்பதைத் தீர்மானிக்கும் இடங்களில் இன்று அமர்ந்திருக்கும் பழைய மாணவரும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.