பூஸ்டர் ஊசி யாருக்கு, எப்போது, ஏன்?



உம்ராவுக்குக் கிளம்பும் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது: "மூளைக்காய்ச்சல் ஊசிதான் போன தடவையே போட்டாச்சே, இப்ப மறுபடியும் எதுக்கு?"

பதில் உங்கள் பழைய சான்றிதழில் இருக்கிறது. இந்த ஊசியில் இரண்டு வகை உண்டு. பழைய வகையை 3 ஆண்டுகளுக்கும், 'கான்ஜுகேட்' எனப்படும் புதிய வகையை 5 ஆண்டுகளுக்கும் சவூதி அரசு ஏற்கிறது. எந்த வகை என்று சான்றிதழில் எழுதாவிட்டால் 3 ஆண்டுக் கணக்குதான். அங்கே போய் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டிருக்கவும் வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது இந்தக் காய்ச்சல் ஹாஜிகளிடம் பரவி, அவர்கள் ஊர் திரும்பிய பின் வீட்டில் இருந்தவர்களையும் பல நாடுகளில் தாக்கியது. நான்கு வகைக் கிருமிகளுக்கும் சேர்த்து ஊசி போட வேண்டும் என்ற கட்டாயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஒரே நோய்க்கான ஊசியில் ஏன் இந்த வித்தியாசம்? தடுப்பூசி உடம்பில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் உண்டாக்குவது ஒன்று. அந்தக் கிருமியை அடையாளம் வைத்துக்கொள்ளும் நினைவு செல்களை உருவாக்குவது மற்றொன்று. பழைய வகை ஊசியில் கிருமியின் மேலுறை மட்டுமே இருக்கிறது. அதனால் நினைவு சரியாகப் பதிவதில்லை. புதிய வகையில் அந்த உறையை ஒரு புரதத்தோடு பிணைத்திருப்பதால் நினைவு பதிகிறது.

நினைவு இருந்தால் போதாதா என்று கேட்கலாம். சில நோய்களுக்குப் போதும். மஞ்சள் காமாலை 'பி' கிருமி உள்ளே நுழைந்து நோயாக வெளிப்பட மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நினைவு செல்கள் விழித்து வேலையை முடித்துவிடும். அதனால் முழுத் தவணையும் போட்ட ஆரோக்கியமானவர்களுக்கு அதில் பூஸ்டர் தேவையில்லை. ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் போடும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். 10 ஆண்டுக்கு ஒருமுறை என்ற பழைய விதி 2016-இலேயே மாறிவிட்டது.

தொண்டை அடைப்பான் அப்படி அவகாசம் தராது. கிருமி தொற்றிய 2 முதல் 5 நாட்களில் நோய் வெளிப்பட்டுவிடும். அது கக்கும் நஞ்சு தொண்டையை அடைப்பதோடு இதயத்தையும் தாக்கும். நினைவு செல்கள் விழித்தெழுந்து எதிர்ப்பொருளைப் பெருக்கவே சில நாட்களாகும். ஆகவே எதிர்ப்பொருள் முன்கூட்டியே இரத்தத்தில் போதிய அளவு இருக்க வேண்டும். அதுவோ ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். குறைந்ததை மறுபடி ஏற்றுவதுதான் பூஸ்டர்.

கைக்குழந்தைக்கு 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும் மூன்று ஊசிகளை நம் தாய்மார்கள் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. அல்ஹம்துலில்லாஹ். தவறுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒன்றரை வயதில் ஒன்று, 5 வயது முடிந்ததும் ஒன்று, பின்பு 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று. பிள்ளை ஓடியாடி நன்றாகத்தானே இருக்கிறான் என்று விட்டுவிடுகிறோம். 2016-இல் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைதூக்கியபோது வளர்ந்த பிள்ளைகளும் பாதிக்கப்பட்டார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. வெளியூர் மதரஸாவிலோ பள்ளி விடுதியிலோ தங்கி ஓதும், படிக்கும் பிள்ளைகளுக்கு 10, 16 வயது ஊசிகள் போடப்பட்டனவா என்று வாப்பாமார்கள் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் இடத்தில் இந்தக் கிருமி எளிதாகப் பரவும்.

பெரியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. தேரிப் பக்கம் போய் உடைமுள் குத்தினாலும், ஆணி கீறினாலும் ஒவ்வொரு தடவையும் 'டி.டி.' போட்டுக்கொள்கிறார்கள். முன்பே முழுத் தவணை போட்டவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால், கடைசி ஊசிக்கு 10 ஆண்டு ஆகியிருந்தால் போதும். மண்ணோ சாணமோ பட்ட காயம், ஆழமான காயம் என்றால் 5 ஆண்டு கணக்கு. ஆனால் கடைசியாக எப்போது போட்டோம் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை, அதனால்தான் ஒவ்வொரு முறையும் குத்த வேண்டியிருக்கிறது. ரணஜன்னி ஒருமுறை வந்து பிழைத்தவருக்குக்கூட அதன்மூலம் எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை. அவருக்கும் ஊசி வேண்டும். இப்போது அரசு நிலையங்களில் போடும் ஊசியில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்தே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குப் போடுவதும் இதுதான். முந்தைய பிரசவத்தின்போது இரண்டும் போட்டு, 3 ஆண்டுகளுக்குள் மறுபடி உண்டானால் ஒரே ஊசி போதும்.

இடையில் ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 7 வயது தாண்டிய பிள்ளைக்கு ஊசியின் வகை மாறும், அதை நர்ஸம்மா பார்த்துக்கொள்வார்கள். சாதாரண சளி இருமலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஐந்து வயது ஊசிக்குப் பின் ஓரிரு நாள் கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும். முந்தைய ஊசியில் வலிப்போ கடும் ஒவ்வாமையோ வந்திருந்தால் மட்டும் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அரசு சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தோறும் குழந்தைகளுக்கான தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். தொலைந்திருந்தாலும் போங்கள், பிள்ளையின் பிறந்த தேதியும் முதல் ஊசிகள் போட்ட இடமும் தெரிந்தால் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம்.