மடக்கு இருக்கையில் முப்பது வினாடி

கபிஸ்தலத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, விமானப் பணிப்பெண் ஆகியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். பயிற்சி நிலையம் ஒன்று லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கிறது. இரண்டு மா நிலத்தை அடகு வைக்கலாமா என்று வீட்டுக்காரர் யோசிக்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: வேலை கிடைத்துவிட்டால் பக்கத்திலுள்ள பாபநாசத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குத் தினம் போய்வர முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. விமானக் குழுவில் இருப்பவருக்கு நிறுவனம் ஓர் ஊரை ‘பேஸ்’ என்று ஒதுக்கும். சென்னையோ பெங்களூரோ டெல்லியோ, அது நிறுவனத்தின் விருப்பம். திருச்சியே கிடைத்தாலும் பாபநாசத்தில் இருந்துகொண்டு சமாளிக்க இயலாது. மாதத்தில் சில நாட்கள் ‘ஸ்டாண்ட்பை’ வரும். சீருடையைத் தயாராக வைத்துக்கொண்டு, கூப்பிட்ட சிறிது நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டிய நாட்கள் அவை. எண்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது ஆகாது.

அதனால் சென்னையில் வேலை பார்ப்பவர்கள் பல்லாவரம், மீனம்பாக்கம், நங்கநல்லூர் என்று விமான நிலையத்தைச் சுற்றியே வீடு பிடிக்கிறார்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து வாடகையைப் பகிர்ந்துகொள்வார்கள். நிறுவனத்தின் கார் வாசலுக்கு வந்து அழைத்துப் போகும். காலை ஐந்து மணி விமானம் என்றால் இரண்டு மணிக்கே எழுந்து, கொண்டை போட்டு, முக ஒப்பனை செய்து காருக்காகக் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ஓர் ஊரில் குடியிருந்துகொண்டு, காலி இருக்கை கிடைத்தால் விமானத்திலேயே ஏறி இன்னொரு ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். நம் பெண்களுக்கு அம்மா வீட்டுக்கு வர உழவன் எக்ஸ்பிரஸ்தான். பொங்கல், தீபாவளிக்கு விடுப்பு கிடைக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். ஊரே பயணம் போகும் நாளில்தான் இவர்களுக்கு வேலை அதிகம்.

முதல் கேள்விக்கு வருமுன், இந்த வேலை உண்மையில் என்ன என்று பார்த்துவிட வேண்டும். ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது அடிப்படை விதி. 186 இருக்கை உள்ள ஏர்பஸ் விமானத்தில் நான்கு பேர் இருப்பது இதனால்தான். காபி கொடுக்க எத்தனை பேர் தேவை என்று யோசித்துப் போட்ட கணக்கு அல்ல அது. விமானம் தீப்பிடித்தால் வெளியேற்ற எத்தனை பேர் தேவை என்ற கணக்கு. 1930 மே மாதம் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தில் உலகின் முதல் பெண் பணியாளராக விமானம் ஏறிய எலன் சர்ச் ஒரு நர்ஸ். ஒரு புதிய விமான ரகத்துக்குச் சான்று கொடுக்கும்போதும், இருட்டில், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, நிறைந்திருக்கும் அத்தனை பேரும் 90 வினாடிக்குள் வெளியேற முடிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இந்த வேலையில் என்னை மிகவும் ஈர்த்தது கதவோரம் இருக்கும் அந்த மடக்கு இருக்கை. ‘ஜம்ப் சீட்’ என்பார்கள். பயணிகளில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஸ்பிரிங் வைத்தது. எழுந்த மறுகணம் தானாக மடிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தப்பி ஓடும் வழியில் ஓர் அங்குலம்கூட அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக. நமக்கு இடுப்பில் மட்டும் பெல்ட். அதில் உட்காரும் பணியாளர்களுக்குத் தோள் இரண்டிலும் பட்டை உண்டு, எல்லாம் வயிற்றருகே ஒரே பூட்டில் வந்து சேரும். கைக்கெட்டும் தூரத்தில் டார்ச், மிதவை உடுப்பு, விமானியோடு பேசும் தொலைபேசி.

விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது அந்த இருக்கையில் இருக்கும் பெண்ணைப் பாருங்கள். முதுகு நிமிர்ந்திருக்கும், பாதங்கள் தரையில் பதிந்திருக்கும். பல நிறுவனங்களில் உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதிர்ச்சியில் கை வீசி முறிந்துவிட்டால் கதவைத் திறக்க ஆள் இல்லை. கை அவளுடையதுதான், ஆனால் அந்த நேரத்தில் அது விமானத்திலுள்ள எல்லோருக்கும் வேண்டிய கை.

அந்த நேரம் அவள் மனசுக்குள் ஓர் ஒத்திகை நடக்கிறது. முப்பது வினாடி மௌன ஒத்திகை என்று அதற்குப் பெயரே இருக்கிறது. புறப்படும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. என் கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும்? அவசரத்தில் பயணிகள் இறங்கும் சறுக்குப்பலூன் கதவோடு இணைந்திருக்கிறதா? திறப்பதற்கு முன் கண்ணாடி வழியாக வெளியே நெருப்போ தண்ணீரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீயணைப்பான் எங்கே, மெகாபோன் எங்கே? பக்கத்து வரிசையில் உதவிக்குக் கூப்பிடத் தகுந்த திடகாத்திரமான ஆள் யார்? கைக்குழந்தையோடு இருப்பவர் யார்? முதலில் என்ன சொல்லிக் கத்த வேண்டும்?

என் சித்தப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தார். ஐப்பசி அடைமழையில் குடமுருட்டி ஆறு நுங்கும் நுரையுமாக வரும்போது சாக்கைப் போர்த்திக்கொண்டு மதகின் மேல் உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்களுக்குச் சும்மா இருப்பதுபோல் தெரியும். தண்ணீர் இன்னும் ஓரடி ஏறினால் எந்த ஷட்டரை முதலில் தூக்குவது, எந்தத் திருகு துருவேறி அடம்பிடிக்கும், குரல் கொடுத்தால் ஓடி வரக்கூடியவன் எந்தக் கரையில் இருக்கிறான் என்று அவர் மனசு ஓடிக்கொண்டே இருக்கும். ஜம்ப் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமும் அந்த முகத்தைத்தான் பார்க்கிறேன்.

அந்த ஒத்திகை எதற்கு என்பதற்கு ஓர் உதாரணம். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தினார்கள். எட்டுக் கதவுகளில் மூன்றை மட்டுமே திறக்க முடிந்தது. பயணிகளும் பையை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அதே ஆண்டு அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் குறைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடித்துவிட்டு 141 பயணிகளோடு பத்திரமாக இறங்கியது. காவிரி டெல்டாவே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த மாலை அது.

இவ்வளவு தெரிந்தும், சிங்கப்பூர் விமானம் திருச்சியில் சக்கரம் பதித்து, நிற்பதற்குள் எழுந்து பையை இழுக்கிறோம். உட்காருங்கள் என்று அந்தப் பெண் சொன்னால் முறைக்கிறோம். தண்ணீருக்கு மணியடித்துச் சொடுக்குப் போட்டுக் கூப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள். பாதுகாப்பு விளக்கத்தின்போது தலை நிமிர்ந்து பார்ப்பவர் வரிசைக்கு ஒருவர்கூட இல்லை.

பயணிகள் மட்டும் அல்ல, நிறுவனங்களும் இந்தப் பெண்களை அப்படித்தான் நடத்தின. ஏர் இந்தியாவில் ஒரு காலத்தில் முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்று விதி இருந்தது. நர்கேஷ் மிர்ஸா வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம்தான் அதைச் செல்லாது என்றது. கதவைத் திறக்கத் தெரிந்த, தீயை அணைக்கத் தெரிந்த, பத்தாண்டு அனுபவமுள்ள பெண்ணைத் தாய்மை அடைந்ததற்காக வீட்டுக்கு அனுப்புவது என்ன நியாயம்?

இப்போது கட்டண விஷயம். பணியாளருக்கு வேண்டிய பாதுகாப்புப் பயிற்சியை வேலைக்கு எடுத்த பிறகு விமான நிறுவனமே கொடுக்கிறது. தீயணைப்பு, முதலுதவி, சறுக்குப்பலூனில் குதிப்பது, நீரில் மிதவையோடு தப்புவது எல்லாம் அதில் அடக்கம். டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கேட்பது அந்தப் பயிற்சியைத்தான். ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். தெருவுக்கொன்றாக முளைத்திருக்கும் நிலையங்கள் தரும் சான்றிதழ் வேலைக்குக் கட்டாயம் அல்ல. நடை, உடை, ஆங்கிலப் பேச்சு ஆகியவற்றில் அவை உதவலாம். ஆனால் ‘நூறு சதவீதம் வேலை’ என்று பலகை வைத்து விவசாயி வீட்டு நகையை அடகுக்கடைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொதுவாகக் கேட்பவை இவ்வளவுதான்: ப்ளஸ் டூ, 18 வயது நிறைவு, புதியவர்களுக்கு 27 வயதுக்குள், பெண்களுக்கு ஏறத்தாழ 155 செ.மீ. உயரம். உயரம் கேட்பது அழகுக்காக அல்ல. தலைக்கு மேலுள்ள பெட்டியில் இருக்கும் தீயணைப்பானைக் கை எட்ட வேண்டும். எமிரேட்ஸ் நிறுவனம் நுனிக்காலில் நின்று 212 செ.மீ. எட்டிக் காட்டச் சொல்கிறது. ஆங்கிலம் தடையில்லாமல் வர வேண்டும், இந்தியும் தெரிந்தால் நல்லது. பல நிறுவனங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டுத்தான் எடுக்கின்றன. பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்திடும் முன் வரி விடாமல் படியுங்கள்.

அம்மா, நிலத்தை அடகு வைக்க வேண்டாம். தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். மகள் தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் பேசிப் பழகட்டும். மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வரும்போது பெரியவர்கள் துணையோடு நீச்சலும் கற்றுக்கொள்ளட்டும். விமான நிறுவனங்களின் சொந்த இணையதளத்தில் வரும் அறிவிப்பை மட்டும் பார்த்து நேர்முகத் தேர்வுக்குப் போகட்டும். வேலை தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் அந்த இடத்தைவிட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள்.