"இயற்பியல்ல ஏன் குறைஞ்சுது?"

செஞ்சியில் பிளஸ் டூ முடித்து மருத்துவம் சேரப் போகிற பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியை இன்று யாரும் கேட்பதில்லை. நீட் மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்ப்பு. அவ்வளவுதான். பிரிட்டன் மாதிரி வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறவர்கள்தான் இப்போது நேர்காணலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு நம் ஊர்ப் பழைய வழக்கு ஒன்று உதவும் என்று நினைக்கிறேன்.

1970இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர நேர்காணல் உண்டு. அதற்கு மட்டும் 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல் திடம், பொதுத் திறன், மருத்துவத்தில் நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். தேர்வுக் குழுவோ தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டது. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 75 சற்று அதிகம் என்றும் சொன்னது, ஆனால் நேர்காணலே கூடாது என்று சொல்லவில்லை. 1980இல் வந்த அஜய் ஹாசியா வழக்கில்தான் (ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி, ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம்!) நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது.

மொத்தமாகப் போடுகிற எண்ணில் என்ன சிக்கல்? பையன் தயங்கிப் பேசினான், சட்டை கசங்கியிருந்தது, மார்க்கும் குறைவு, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். எது எதற்காகக் குறைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிரிட்டனில் பல கல்லூரிகள் இன்று சிறுசிறு நேர்காணல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனி மதிப்பெண் தாள் என்று வைத்திருப்பது இதற்கு ஒரு மருந்து.

பதில் சொல்கிறவரும் இதையே செய்யலாம், பலவீனத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டலாம். "எனக்குப் படிப்பு கொஞ்சம் வீக் சார்" என்றால் முழு ஆளும் வீக் என்று எழுதிக்கொள்வார்கள். "மின்னியல் கணக்குகள்ல தடுமாறினேன். சூத்திரத்தை மனப்பாடம் பண்ணிட்டு, படம் வரையாம நேரா கணக்குக்குப் போனேன். அடுத்த ஆறு மாசம் வரைஞ்சு பழகினேன், கடைசித் தேர்வுல அந்தப் பகுதி சரியா வந்துது" என்றால் குறை ஓர் இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. பார்த்துச் சரிசெய்த ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது.

வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருந்தால் மறைக்க வேண்டாம். ஒரு வாக்கியம் போதும், அடுத்தது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதாக இருக்கட்டும். "வாத்தியார் சரியா நடத்தல" என்பது உண்மையாகவே இருந்தாலும் அந்த அறையில் எடுபடாது. அவர்களால் அதைச் சரிபார்க்க முடியாது, குறை சொன்னது மட்டும்தான் காதில் நிற்கும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பழக்கம், கேள்வி முடியும் முன்பே தலையைக் குனிந்து "ஸாரி சார்" என்பது. அவர்கள் கேட்டது மன்னிப்பை இல்லை, காரணத்தை.