கட்டளை இங்கே, குழந்தை எங்கே?

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் பனிமூட்டம் எங்கள் பாடசாலை முற்றம்வரை ஏறிவந்திருந்த ஒரு காலைவேளை. மஸ்கெலியாத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி என் மேசையருகே வந்து நின்றாள். பொலித்தீன் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினாள். அது நீதிமன்றக் கட்டளை.

"சேர், தாள் எங்கிட்ட இருக்கு. புள்ளதான் எங்கிட்ட இல்ல" என்றாள்.

அச்சொல்லுக்கு அன்று என்னிடம் விடையில்லை. குற்றத்தில் எனக்கும் பங்கிருந்தது.

அவள் கணவர் கொழும்பில் கடைச் சிப்பந்தி. மணவாழ்வு முறிந்தபோது நீதிமன்றம் மகளைத் தாயிடம் ஒப்படைத்து, விடுமுறைகளைத் தந்தையுடன் கழிக்க இடமளித்திருந்தது. ஒரு விடுமுறை முடிந்தும் மகள் திரும்பவில்லை. தந்தை மட்டும் வந்து, கொழும்பிற் சேர்க்கப்போவதாகக் கூறி விடுகைப் பத்திரம் கேட்டார். தாயின் சம்மதத்தை வினவாமலே எழுதிக் கொடுத்தேன். முன்னர் பெற்றோர் இருவரும் ஒப்பமிட்டு எடுத்த கடவுச்சீட்டு அவரிடம் இருந்தது. மறுமாதமே மகளுடன் நீலகிரியிலுள்ள கோத்தகிரிக்குப் போய்விட்டார்.

கோத்தகிரி நமக்கு அந்நிய ஊரன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அன்று கடல் கடந்தோர் பலர் நீலகிரியிலே குடியமர்ந்தனர்.

குழந்தை இலங்கைக்குள் இருந்திருப்பின் வழியுண்டு. கட்டளையை மீறியவரை நீதிமன்ற அவமதிப்புக்காக அழைக்கலாம். ஆட்கொணர்வு எழுத்தாணை கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்தையோ, குழந்தை இருக்கும் மாகாணத்தின் மேல் நீதிமன்றத்தையோ நாடலாம். ஆயினும் ஒவ்வொரு தவணைக்கும் தாய்க்கு ஒருநாட் சம்பளம் போய்விடும்.

கடல் கடந்தாலோ நிலைமை வேறு. 1980ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம் இத்தகைய துயருக்கென்றே பிறந்தது. பெற்றோரில் நல்லவர் யார் என்று அது ஆராய்வதில்லை. முறைகேடாகக் கொண்டுசெல்லப்பட்ட, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை அது வாழ்ந்த நாட்டுக்கே திருப்பியனுப்பி, வழக்கை அங்குத் தீர்த்துக்கொள்ளுமாறு பணிக்கிறது. இலங்கை 2001இல் அதில் இணைந்து, அவ்வாண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது. இந்தியா இணையவில்லை, இணையுமாறு அந்நாட்டுச் சட்ட ஆணைக்குழு 2009இல் பரிந்துரைத்தும் பயனில்லை. பிள்ளையின் நலனே முதன்மையானது, பிறநாட்டுக் கட்டளை கருதத்தக்க காரணிகளுள் ஒன்று மட்டுமே என இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. ஆகவே நம் தாய் சென்னைக்குச் சென்று புதிதாக வழக்காட வேண்டும். லயத்து வீட்டிலிருந்து அது எத்துணைத் தொலைவு!

பதினான்கு திங்கள் கழித்து மகள் திரும்பினாள். திருப்பியனுப்பியது சட்டமன்று, தந்தையின் பெரியம்மா. 1970களில் மணமான புதிதிலே, பெற்ற தாயைத் தலைமன்னார்த் துறையில் விட்டுக் கப்பலேறியவர் அவர். பின்னர் அத்தாயின் முகத்தை அவர் கண்டதேயில்லை. "எனக்கு நேர்ந்தது இந்தப் புள்ளைக்கு வேணாம்ப்பா. கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று அவர் அழுததாகத் தந்தையே என்னிடம் கூறினார்.

எல்லாக் குழந்தைகளுக்கும் அத்தகைய பெரியம்மா வாய்ப்பதில்லை. ஆகையால், கட்டளை எழுதப்படும் நாளிலேயே பெற்றோர் தம் சட்டத்தரணி வாயிலாகச் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளல் நன்று: எந்த நாளில், எவ்விடத்தில் ஒப்படைப்பது, பயணச் செலவு யாருடையது, கடவுச்சீட்டு எவர் வசம்? ஆசிரியராகிய நாமும் விடுகைப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் மற்றப் பெற்றோரின் சம்மதத்தை ஒரு வார்த்தை கேட்போமாக.

திரும்பி வந்த அன்று அச்சிறுமி கேட்டாள்: "சேர், இடாப்புல என் பேரு இருக்கா?"

சிவப்பு மையால் அதனை அடித்தவன் நானே. புதிய வரியில் மீண்டும் எழுதினேன்.